துன்பக் காலத்தில் நம்பிக்கையான பார்வை: அது என்ன, எப்படிப் பழகுவது?

மருத்துவமனை வராந்தாவில் மூன்று இரவுகளாகப் பாய் விரித்துக் காத்திருக்கும் ஒருவரைப் பார்க்க உறவினர் வருகிறார். பழப்பையைக் கையில் கொடுத்து, தோளைத் தட்டி, “எல்லாம் நல்லபடியாக நடக்கும், பாசிட்டிவாக இருங்கள்” என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவர் அன்போடுதான் சொன்னார். அதில் குறை காண முடியாது. ஆனால் கேட்டவருக்கோ, தம் அச்சத்தை வாய்விட்டுச் சொல்லக் கிடைத்த ஒரே வாய்ப்பையும் அந்த வாக்கியம் அடைத்துவிட்டதாகத் தோன்றுகிறது. நம்பிக்கையோடு இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த நம்பிக்கை எதனால் ஆனது, அதை ஒருவர் உண்மையிலேயே தேர்ந்தெடுக்க முடியுமா, முடியுமென்றால் மனத்தின் எந்த இடத்தில் அந்தத் தேர்வு நடக்கிறது என்பதை விளக்கிச் சொல்பவர்கள் குறைவு. இந்தக் கேள்விகளை முதன்முறையாக எதிர்கொள்கிறவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது இக்கட்டுரை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். நாம் ‘பாசிட்டிவ்’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு பொருள்களைப் போட்டுக் கட்டிவைத்திருக்கிறோம். முதலாவது உணர்ச்சி, அதாவது மகிழ்ச்சியாக இருப்பது. இரண்டாவது எதிர்பார்ப்பு, அதாவது முடிவு நல்லதாகவே அமையும் என்று நம்புவது. மூன்றாவது பார்வை, அதாவது நடந்ததை எப்படிப் பொருள்படுத்துகிறோம், எதன்மீது கவனத்தை வைக்கிறோம், அடுத்து என்ன செய்கிறோம் என்பது. இவற்றில் உணர்ச்சியை யாராலும் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது; தாயை இழந்தவரிடம் மகிழ்ச்சியாக இருக்கச் சொல்வது கொடுமை. எதிர்பார்ப்பும் முழுக்க நம் கையில் இல்லை. பரிசோதனை முடிவு என்னவாக இருக்கும் என்பதை நம் விருப்பம் தீர்மானிப்பதில்லை. மூன்றாவதான பார்வையில் மட்டுமே, அதுவும் ஓரளவுக்குத்தான், நமக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கிறது. அந்த ஓரளவைப் பற்றியே இனிப் பேசப் போகிறோம்.

இந்த வேறுபாட்டை மிகச் சுருக்கமாகச் சொன்ன பாட்டு ஒன்று தமிழில் இருக்கிறது. புறநானூற்றின் 194ஆம் பாட்டு அது. பாடியவர் பக்குடுக்கை நன்கணியார். ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்கிறது. இன்னொரு வீட்டில் மண முழவு முழங்குகிறது. கணவரோடு கூடியிருக்கும் பெண்கள் பூச்சூடிக்கொள்கிறார்கள்; பிரிந்தவர்களின் மை தீட்டிய கண்களிலிருந்து நீர் வழிகிறது. இரண்டும் ஒரே ஊரில் ஒரே நேரத்தில் நிகழும்படி உலகைப் படைத்தவனைப் புலவர் வாழ்த்தவில்லை, ‘பண்பிலாளன்’ என்று ஏசுகிறார். அதன் பிறகே, “இன்னாது அம்ம இவ்வுலகம்; இனிய காண்க இதன் இயல்பு உணர்ந்தோரே” என்று முடிக்கிறார்.

அந்த இரண்டு வாக்கியங்களின் வரிசையைக் கவனிக்க வேண்டும். உலகம் கொடியது என்ற ஒப்புதல் முதலில் வருகிறது. இனியவற்றைக் காணுங்கள் என்ற அறிவுரை அதன் பின்னர்தான் வருகிறது. அந்த அறிவுரையும் உலகின் இயல்பை உணர்ந்தவர்களுக்கே சொல்லப்படுகிறது. பறையொலி கேட்காதபடி காதைப் பொத்திக்கொண்டவர்களுக்கு அதில் இடமில்லை. ‘மகிழ்க’ என்று சொல்லாமல் ‘காண்க’ என்று சொன்னதும் பொருத்தமே, ஏனென்றால் காண்பது செயல். அதை ஏவ முடியும். நம் காலத்து ஊக்கப் பேச்சுகள் பெரும்பாலும் இந்த வரிசையின் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் கூவி விற்கின்றன என்பது என் கருத்து.

ஒரு நிகழ்ச்சியும் அதன்மேல் நாம் எழுதும் உரையும்

பார்வை எப்படி வேலை செய்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். சிறிய நகரம் ஒன்றில் இருபது ஆண்டுகளாக அச்சகம் நடத்தியவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். கல்யாணப் பத்திரிகைகள் பாதிக்குமேல் வாட்ஸப்புக்குப் போய்விட்டன. பில் புக் அடித்துவந்த கடைக்காரர்கள் கணினிப் பில்லுக்கு மாறிவிட்டார்கள். காகித விலை ஏறிக்கொண்டே இருந்தது. கடைசியில் மினி ஆஃப்செட் எந்திரத்தைப் பாதி விலைக்குக் கேட்கிறார்கள். கடைக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது. அன்று இரவு அவர் மனத்தில் ஓடும் வாக்கியங்கள் ஏறக்குறைய இப்படி இருக்கும்: “நான் எதற்கும் லாயக்கில்லாதவன். இனி எதுவும் உருப்படாது. குடும்பத்தையே நடுத்தெருவில் நிறுத்திவிட்டேன்.”

இந்த மூன்று வாக்கியங்களில் ஒன்றில்கூட அச்சகம் இல்லை. நடந்த நிகழ்ச்சி, ஒரு தொழில் ஓர் ஊரில் நலிந்து ஒரு கடை மூடப்பட்டது. மனம் அதற்கு எழுதிய உரையில் மனிதர் முழுவதும், எதிர்காலம் முழுவதும், குடும்பம் முழுவதும் அடங்கிவிட்டன. அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் இப்படிப்பட்ட உரைகளை ஆராய்ந்து, எளிதில் நம்பிக்கை இழப்பவர்கள் தீமையை விளக்கும் முறையில் மூன்று கூறுகள் திரும்பத் திரும்ப வருவதைக் காட்டினார். அவற்றைத் தமிழில் மூன்று சொற்களில் நினைவில் வைத்துக்கொள்ளலாம்: ‘எப்போதும்’, ‘எல்லாமே’, ‘என்னால்தான்’. ஒரு காலத்துக்கு உரிய இழப்பை முதற்சொல் நிரந்தரமாக்குகிறது. வாழ்க்கையின் ஒரு பகுதியில் விழுந்த அடியை இரண்டாவது சொல் மற்ற எல்லாப் பகுதிகளுக்கும் பரப்புகிறது. பல காரணங்களால் நேர்ந்ததை மூன்றாவது சொல் ஒருவர் தலையில் மட்டும் கட்டுகிறது.

அச்சகக்காரர் இந்த மூன்று சொற்களையும் பிடித்து விசாரித்தால் என்ன மிஞ்சும்? “பத்திரிகை வேலையும் பில் புக் வேலையும் இந்த ஊரில் இனிப் பழையபடி வராது. கடன் நான்கு லட்சம் இருக்கிறது. எந்திரங்களை விற்றால் பாதி அடையும். மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஃபிளெக்ஸ் பக்கம் போயிருக்க வேண்டும், தயங்கியது என் தவறு. டிடிபி வேலையும் வடிவமைப்பும் எனக்குக் கைவந்தவை. அவற்றுக்கு இன்னும் ஆள் தேவைப்படுகிறது.” இதில் இனிப்பு ஒன்றும் இல்லை. கடன் அப்படியே இருக்கிறது, தவறு ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. ஆனால் இந்த வாக்கியங்களைக் கையில் வைத்துக்கொண்டு மறுநாள் காலையில் யாரிடமாவது போய்ப் பேச முடியும். முந்தைய மூன்று வாக்கியங்களைக் கொண்டு படுத்துக்கொள்ள மட்டுமே முடியும். நம்பிக்கையான பார்வை என்று உளவியல் குறிப்பது பெரும்பாலும் இவ்வளவுதான்.

உளவியலாளர்கள் இதற்கு வைத்துள்ள பெயரைத் தமிழில் ‘மறுமதிப்பீடு’ என்று சொல்லலாம். உணர்ச்சிகளை நாம் எவ்வாறு கையாள்கிறோம் என்பதை நெடுங்காலம் ஆராய்ந்துவரும் ஜேம்ஸ் கிராஸ், மறுமதிப்பீட்டையும் அடக்கிக்கொள்வதையும் ஒப்பிட்டுப் பார்த்தார். வருத்தத்தை முகத்தில் காட்டாமல் விழுங்குகிறவர்களுக்கு வெளித்தோற்றம் மாறினாலும் உள்ளே வருத்தம் குறைவதில்லை. உடலின் பதற்றக் குறிகள் கூடவும் செய்கின்றன. நிகழ்ச்சியின் பொருளை வேறு விதமாக எடைபோட்டவர்களுக்கோ வருத்தமே ஓரளவு தணிகிறது. ஆகவே, பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்த முகத்தோடு நடமாடுவது, நாம் வீட்டுக்கு வீடு பெரிதும் போற்றுகிற அந்தப் பண்பு, இங்கே பேசப்படும் பார்வை ஆகாது.

கையாலாகாத நிலை எங்கிருந்து வருகிறது

இதே செலிக்மனும் அவருடைய சக ஆய்வாளர் ஸ்டீவன் மயரும் 1967இல் வெளியிட்ட சோதனைகள் புகழ்பெற்றவை. சில நாய்களுக்கு, எதைச் செய்தாலும் நிறுத்த முடியாதபடி மின்னதிர்ச்சி தரப்பட்டது. (இன்றைய ஆய்வு அறம் இதை எளிதில் அனுமதிக்காது, அனுமதிக்காமல் இருப்பதே நல்லது.) பிறகு, தாழ்வான தடுப்பு ஒன்றைத் தாண்டினாலே தப்பிக்கக்கூடிய பெட்டியில் அவற்றை விட்டபோது, பெரும்பாலான நாய்கள் தாண்ட முயலவே இல்லை, படுத்துக்கொண்டு முனகின. இதைக் கண்டவர்கள், கையாலாகாமையை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று முடிவு செய்தார்கள். அந்த முடிவு பல பத்தாண்டுகள் பாடநூல்களில் இருந்தது.

ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016இல், அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் தாங்களே தலைகீழாகத் திருத்தினார்கள். மூளையியல் ஆய்வுகள் வளர்ந்த பிறகு அவர்கள் கண்டது இது: நீண்ட துன்பத்தின் முன் செயலற்றுப்போவது கற்றுக்கொண்டது அன்று, அது உயிர்களின் இயல்பான முதல் எதிர்வினை. கற்றுக்கொள்ளப்படுவது, “நான் செய்யும் ஏதோ ஒன்றுக்கு இங்கே பலன் இருக்கிறது” என்ற அறிவுதான். அந்த அறிவு மூளையின் முன்பகுதியில் பதிந்த பிறகு, செயலற்றுப்போகும் அந்தப் பழைய எதிர்வினையை அது அடக்குகிறது.

துன்பத்தில் சுருண்டு கிடப்பவருக்கு இந்தத் திருத்தம் பெரிய ஆறுதலைத் தரக்கூடியது. சுருண்டது அவருடைய குணக்கேடு அல்ல. பிற உயிர்களைப் போலவே அவருடைய உடலும் நடந்துகொண்டிருக்கிறது. மேலும், அந்த நாய்களை ஆய்வாளர்கள் எப்படிக் குணப்படுத்தினார்கள் என்பதும் அறியத்தக்கது. கூப்பிட்டார்கள், வரவில்லை, கடைசியில் கழுத்தில் கயிறு கட்டித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இழுத்துவிட்டார்கள். ஒருமுறை இழுத்தது போதவில்லை. பலமுறை இழுக்க வேண்டியிருந்தது; போகப் போக இழுக்கத் தேவைப்பட்ட பலம் குறைந்தது; பிறகு அவை தாமாகவே தாண்டின. மனம் தெளிந்தபின் உடல் எழும் என்று நாம் காத்திருக்கிறோம். நடப்பது பல நேரங்களில் இதற்கு நேர்மாறானது.

எலிஃபன்ட் தீவில் ஒரு குளிர்காலம்

இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க, நன்றாகப் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். தென்துருவப் பகுதியை ஆராயப் போன எர்னஸ்ட் ஷாக்கிள்டனின் அண்டார்க்டிக் பயணத்தைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் ஷாக்கிள்டனையே பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது, அவர் விட்டுவிட்டுப் போன 22 பேரையும் அவர்களுக்குப் பொறுப்பாக இருந்த ஃபிராங்க் வைல்டையும்.

எண்டூரன்ஸ் என்ற அவருடைய கப்பல் 1915 ஜனவரியில் அண்டார்க்டிகாவை ஒட்டிய வெடல் கடலின் பனிக்கட்டிகளுக்கு நடுவே சிக்கியது. அதே ஆண்டு நவம்பரில் நொறுங்கி மூழ்கியது. 28 பேரும் பல மாதங்கள் மிதக்கும் பனித்தட்டின் மேல் கூடாரமடித்து வாழ்ந்து, 1916 ஏப்ரலில் மூன்று படகுகளில் எலிஃபன்ட் தீவைச் சேர்ந்தார்கள். அங்கே ஆள்நடமாட்டம் இல்லை. எந்தக் கப்பலும் அந்த வழியாகப் போவதில்லை. எனவே ஏப்ரல் 24 அன்று ஷாக்கிள்டன் ஐந்து பேரோடு, 22 அடிக்குச் சற்றே நீளமான படகு ஒன்றில், ஏறக்குறைய 800 கடல் மைல் தொலைவில் இருந்த தெற்கு ஜார்ஜியா தீவை நோக்கி உதவி தேடிப் புறப்பட்டார். மற்ற 22 பேரும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். படகு போய்ச் சேர்ந்ததா, கவிழ்ந்ததா என்று அவர்களுக்குத் தெரிய எந்த வழியும் இல்லை.

எஞ்சியிருந்த இரண்டு படகுகளைக் கவிழ்த்து, தாழ்வான கற்சுவர்களின் மேல் வைத்து, அதையே வீடாக்கிக்கொண்டார்கள். அதற்குள் யாரும் நிமிர்ந்து நிற்க முடியாது. கடல்நாய்க் கொழுப்பு எரியும் அடுப்பின் கரி முகத்திலும் துணியிலும் படிந்தது. மத்தி மீன் டப்பாவில் அதே கொழுப்பை ஊற்றி, காயத்துக்குக் கட்டும் துணியைத் திரியாக்கி விளக்கேற்றினார்கள். பனிக்கடியால் அழுகிய ஓர் இளைஞனின் இடது கால் விரல்களை ஜூன் மாதத்தில் இரண்டு மருத்துவர்கள் அந்தக் குடிசைக்குள்ளேயே குளோரோஃபாம் கொடுத்து வெட்டியெடுத்தார்கள்.

ஷாக்கிள்டன் போன இரண்டு வாரத்திலிருந்து, வைல்ட் ஒவ்வொரு நாளும் தம் படுக்கைப் பையைச் சுருட்டிக் கட்டிவிட்டு, “சாமான்களைத் தயாராக வையுங்கள், பசங்களா, தலைவர் இன்றைக்கு வந்தாலும் வரலாம்” என்று சொல்வார். ‘இன்றைக்கு வருவார்’ என்று அவர் சொல்லவில்லை, ‘வந்தாலும் வரலாம்’ என்றார். அந்த ஒரு சொல்லில் பொய் இல்லை. அந்தச் சொல்லுக்குத் துணையாகக் கையால் செய்யும் ஒரு வேலையும் இருந்தது. சமைப்பதற்கும் காவலுக்கும் முறை வைத்தார். கப்பல் வருகிறதா என்று பார்க்க எப்போதும் ஓர் ஆள் நின்றார். சனிக்கிழமை தோறும் பாட்டுக் கச்சேரி நடந்தது; கப்பல் நொறுங்கியபோது எல்லோரும் தத்தம் பொருள்களை எறிந்துவிட்டு வர, மனத்துக்கு மருந்து என்று சொல்லி ஷாக்கிள்டன் எடுத்துவரச் செய்த பாஞ்சோ என்ற தந்தி இசைக்கருவி அங்கே பயன்பட்டது.

இதோடு நிறுத்திக்கொண்டால் கதை இனிக்கும்; ஆனால் பாதி உண்மைதான் வெளிவரும். ஒரு மாதத்துக்குள் உதவி வந்துவிடும் என்று தொடக்கத்தில் கணக்குப் போட்ட வைல்ட், நீண்ட காலத்துக்கு வேண்டிய கடல்நாய், பெங்குவின் இறைச்சியைச் சேர்த்து வைப்பதை அனுமதிக்கவில்லை. அப்படிச் சேர்ப்பது தோல்வியை ஒப்புக்கொள்வதாகும் என்று கருதினார். உணவுப் பண்டங்களுக்குப் பொறுப்பாயிருந்த தாமஸ் ஓர்ட்-லீஸ் இதைக் கடுமையாக எதிர்த்தார். கூட்டத்தில் யாருக்கும் பிடிக்காத மனிதர் அவர். எப்போதும் பஞ்சத்தைப் பற்றியே பேசுகிறவர் என்று கேலிக்கு ஆளானவர். ஆகஸ்ட் கடைசியில் கரையைச் சுற்றிப் பனிக்கட்டி இறுகி, பெங்குவின்கள் கரையேறுவது நின்று, உணவு தீரத் தொடங்கியபோது, சரியாகச் சொன்னவர் ஓர்ட்-லீஸ்தான் என்பது தெரிந்தது.

ஷாக்கிள்டன் தெற்கு ஜார்ஜியாவை அடைந்திருந்தார். மூன்று முறை கப்பலெடுத்தும் பனி வழிவிடவில்லை. நான்காவது முறை, சிலி நாட்டின் யெல்ச்சோ என்ற சிறு கப்பலில் 1916 ஆகஸ்ட் 30 அன்று வந்து சேர்ந்தார். 22 பேரும் உயிரோடு இருந்தார்கள். மூட்டை முடிச்சு எப்போதும் தயாராக இருந்ததால், பனி மீண்டும் சூழ்வதற்குள், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அனைவரும் கப்பலேறிவிட்டார்கள்.

நான் கற்றுக்கொண்ட பாடம் வைல்டிடம் பாதி, ஓர்ட்-லீஸிடம் பாதி இருக்கிறது. படுக்கையைச் சுருட்டியதும் நம்பிக்கை. இறைச்சி சேர்க்கச் சொன்னதும் நம்பிக்கை. முன்னது இன்றே உதவி வரக்கூடும் என்பதற்கான ஏற்பாடு. பின்னது வராவிட்டாலும் இருப்போம் என்பதற்கான ஏற்பாடு. ‘வராவிட்டால்’ என்று பேசுவதே அபசகுனம் என்று எண்ணியது மட்டுமே பிழை. அந்தப் பிழை நமக்கு அந்நியமானதன்று. வீட்டில் யாராவது காப்பீட்டைப் பற்றியோ உயிலைப் பற்றியோ பேச்செடுத்தால், “வாயைக் கழுவு” என்று அடக்குகிறோமே, அதுவும் இறைச்சி சேர்க்க மறுப்பதுதான்.

கற்பனை ஏன் போதாது

ஜெர்மானிய உளவியலாளர் கேப்ரியேல் எட்டிங்கன் இந்தப் பிழையை ஆய்வுக்கு உட்படுத்தினார். டோரிஸ் மேயருடன் சேர்ந்து 2002இல் அவர் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், படிப்பு முடித்து வேலை தேடும் இளைஞர்கள் இடம்பெற்றனர். நல்ல வேலையில் அமர்ந்துவிட்டதாக அடிக்கடி இனிய கற்பனையில் திளைத்தவர்கள், இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, குறைவான விண்ணப்பங்களை அனுப்பியிருந்தார்கள், குறைவான வேலைகளே அவர்களுக்குக் கிடைத்திருந்தன, சம்பளமும் குறைவாக இருந்தது. தம் கடந்தகால அனுபவத்தின் அடிப்படையில் ‘எனக்குக் கிடைக்கும் வாய்ப்பு உண்டு’ என்று எதிர்பார்த்தவர்களின் நிலை மேலாக இருந்தது. கற்பனையிலேயே இலக்கை அடைந்துவிட்ட மனம், அதற்காக உழைக்க வேண்டிய வேகத்தை இழந்துவிடுகிறது என்பது அவருடைய விளக்கம். அவர் பரிந்துரைக்கும் வழி எளியது: விரும்புவதை நினைத்துப் பாருங்கள், உடனே அதற்குக் குறுக்கே நிற்பதையும், குறிப்பாக உங்களுக்குள்ளேயே குறுக்கே நிற்பதையும், நினைத்துப் பாருங்கள், அது வரும்போது என்ன செய்வீர்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

திருக்குறளின் 63ஆம் அதிகாரமான ‘இடுக்கண் அழியாமை’ இதையே வேறு மொழியில் சொல்கிறது. அதன் முதற்குறளான “இடுக்கண் வருங்கால் நகுக” என்பதை மட்டும் எடுத்துச் சுவரில் எழுதிவைக்கிறோம். அந்த அதிகாரம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதில்லை. ஊக்கம் உடைமை, மடி இன்மை, ஆள்வினை உடைமை ஆகிய மூன்று அதிகாரங்களை அடுத்து அது வருகிறது. சோம்பலை விட்டு முயற்சியில் இறங்கியவருக்கு இடையூறு வரும்போது சொல்லப்பட்ட பேச்சு அது. நான்காவது குறள் இன்னும் தெளிவானது: “மடுத்தவா யெல்லாம் பகடன்னான் உற்ற இடுக்கண் இடர்ப்பாடு உடைத்து.” தடைப்படும் இடமெல்லாம் வண்டியை இழுத்துக்கொண்டு போகும் எருது அங்கே உவமையாகிறது. சேற்றில் சக்கரம் புதையும்போது எருது சிரிப்பதில்லை. முன்னங்கால்களை மடித்து, கழுத்தைத் தாழ்த்தி, மூச்சுவிட்டு இழுக்கிறது. நகுதலை அந்த எருதோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

தொடங்குகிறவர் என்ன செய்யலாம்

நெருக்கடி வந்த முதல் சில நாள்களில் பார்வையைத் திருத்தும் வேலையில் இறங்க வேண்டாம். அழுகை வந்தால் அழலாம். சாவு வீட்டில் ஒப்பாரிக்கு இடம் வைத்த சமூகம் நம்முடையது, அதில் அறிவு இருந்தது. அந்த நாள்களில் உண்பதும் உறங்குவதும் நடந்தால் போதும்.

பிறகு, மனத்தில் ஓடும் வாக்கியங்களை ஒரு தாளில் எழுதுவது நல்ல தொடக்கம். மனத்தில் ஓடும்போது அவை உண்மையைப் போலத் தோன்றும். தாளில் எழுதும்போதுதான் வெறும் வாக்கியங்கள் என்று தெரியும். ‘எப்போதும்’, ‘எல்லாமே’, ‘என்னால்தான்’ என்ற சொற்கள் எங்கெல்லாம் வருகின்றன என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் அருகில் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். இனிமையாக எழுத வேண்டியதில்லை; துல்லியமாக எழுதினால் போதும். உண்மையிலேயே தம் தவறாக இருந்தால் அதை எழுதத்தான் வேண்டும், ஆனால் எந்தத் தவறு, எந்த நாளில் என்று எழுத வேண்டும்.

அடுத்ததாக, ஒவ்வொரு நாளும் பலன் கண்ணுக்குத் தெரியும் ஒரு சிறிய வேலை. படுக்கையைச் சுருட்டுவது, வாசல் தெளிப்பது, கடன் கொடுத்தவரை ஓடி ஒளியாமல் ஒருமுறை கூப்பிட்டுப் பேசுவது, ஒரு விண்ணப்பத்தை முடித்து அனுப்புவது. இவற்றால் துன்பம் தீராது. ஆனால் ‘நான் செய்வதற்குப் பலன் இருக்கிறது’ என்பதை மூளைக்குத் திரும்பக் கற்பிக்கும் கயிறு இதுவே. முதல் பத்து நாள்கள் இழுக்கக் கனமாக இருப்பது இயல்பு. கூடவே, கெட்டது நடந்தால் என்ன செய்வது என்பதற்கான ஏற்பாட்டையும் கூச்சமில்லாமல் செய்துவைக்க வேண்டும். அதைச் செய்து முடித்தவர்கள் அதன்பின் நிம்மதியாக உறங்குவதை நான் கண்டிருக்கிறேன்.

பார்வையால் ஆகாதவை

சில துன்பங்களுக்குப் பார்வை மருந்தாகாது. கூலி தராத முதலாளியிடமும் அடிக்கிற கணவனிடமும் இருந்துகொண்டு பார்வையை மாற்றிக்கொள்ளச் சொல்வது, தீங்கு செய்கிறவருக்கே உதவும். அங்கே தேவைப்படுவது சட்டமும் துணையும், வெளியேறும் வழியும். அதைப் போலவே, இரண்டு வாரங்களுக்கு மேலாக நாள் முழுவதும் மனம் இருண்டிருத்தல், முன்பு பிடித்த எதிலும் நாட்டமின்மை, உறக்கமும் பசியும் கெடுதல், இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஆகியவை இருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். அந்த நோயே தேர்ந்தெடுக்கும் ஆற்றலைப் பறித்துவிடுவதால், ‘நீ மனது வைத்தால் முடியும்’ என்பது கால் முறிந்தவரை ஓடச் சொல்வதாகும். அதற்கு மருத்துவம் இருக்கிறது, பலன் தருகிறது. இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணிலும் இலங்கையில் 1926 என்ற எண்ணிலும் தமிழில் பேசலாம்.

இனி, வராந்தாவில் காத்திருப்பவரைப் பார்க்கப் போகிறவருக்கு ஒரு சொல். “பாசிட்டிவாக இருங்கள்” என்பதை விட்டுவிட்டு, “டாக்டர் என்ன சொன்னார்?” என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் உட்காரலாம். பிறகு, “நீங்கள் போய்க் குளித்துச் சாப்பிட்டு வாருங்கள், அண்ணா; ஒரு மணி நேரம் நான் இங்கே இருக்கிறேன், டாக்டர் கூப்பிட்டால் உங்களுக்குப் போன் செய்கிறேன்” என்று சொல்லி, அந்தப் பாயைச் சுருட்டி ஓரமாக வைக்கலாம்.